மாடியில் எழுதிய முன்னூற்று நாற்பது வரிகள்

அந்த முன்னூற்று நாற்பது வரிகளை எழுதியவன் நான்தான் என்று இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. என் மனைவி சொர்ணத்துக்குத் தெரியும். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் "அந்தக் காலத்துல நாங்க..." என்று நான் ஆரம்பித்தால் போதும், அவள் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விடுவாள்.

ஆகவே விருதுநகர் பொறுப்புப் பதிவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோது, பயப்பட வேண்டிய நான் பூரித்துப் போனேன். "குழந்தை மூச்சுப்பெட்டியின் காற்றழுத்தக் கணினி நிரலை எழுதியவர் பெயர் 'மாடி, சிவகாசி' என்று பதிவாகியுள்ளது. தாங்கள் அந்த மாடியைச் சேர்ந்தவரா?" என்று கேட்டிருந்தார்கள். சேர்ந்தவனாவது! இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மறுநாள் காலையே கிளம்பிவிட்டேன்.

பதிவு அதிகாரியின் பெயர் ஜவாஹிரா. முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"உயிர்ப் பொறுப்புச் சட்டம் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க சார்."

கேள்விப்படாமல் என்ன? இரண்டு வருடங்களுக்கு முன் வடக்கே ஒரு மருத்துவமனையில் மருந்து ஏற்றும் கருவி தப்பாக ஓடி பதினான்கு பேர் போய்ச் சேர்ந்தார்கள். இதை எழுதியது யார் என்று கோர்ட்டில் கேட்டபோது ஒரு இயந்திரம் என்றார்கள். அந்த இயந்திரத்தை எழுதியது யார் என்றால் இன்னொரு இயந்திரம் என்றார்கள். கடைசிவரை ஒரு மனுஷன் பெயர் வரவில்லை. அதன் பிறகுதான் இந்தச் சட்டம். உயிரோடு சம்பந்தப்பட்ட கருவி எதுவானாலும் அதன் ஒவ்வொரு வரிக்கும் உயிரோடு இருக்கும் ஒரு ஆள் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆனால் அவர்தான் கோர்ட்டுக்கு வர வேண்டும்.

"தெற்கு மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல மொத்தம் இருநூத்திப் பன்னிரண்டு மூச்சுப்பெட்டி ஓடுது" என்றார் ஜவாஹிரா. "குறைமாசத்துல பொறந்த குழந்தைங்களுக்கு. மத்த எல்லாப் பகுதிக்கும் ஆள் கெடைச்சுட்டாங்க. காத்தழுத்தத்துக்கு மட்டும் கெடைக்கல. முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள கையெழுத்து இல்லேன்னா எல்லாப் பெட்டியையும் நிறுத்தணும்."

"நிறுத்திட்டு?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். மலையடிவாரத்துல இருந்து ரெண்டு மணி நேரம். அதுவரைக்கும் அந்தக் குழந்தைங்க தாங்கணுமே சார்."

"நான் போடுறேன்மா கையெழுத்து. ஜெயில்ல போட்டாலும் பரவாயில்ல. இந்த வயசுக்கு வேளாவேளைக்குச் சோறு, வாரம் ஒரு டாக்டர், என்ன குறை?" என்றேன். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

"போடலாம் சார். அதுக்கு முன்னாடி நீங்கதான் எழுதினதுன்னு இந்தச் சோதனைப் பெட்டி சொல்லணும்."

கைவாகுப் பெட்டி என்று ஊரில் சொல்வது அதைத்தான். ஒரே மாவு, ஒரே உளுந்து என்றாலும் வீட்டுக்கு வீடு தோசை வேறாக வருகிறதல்லவா? நிரல் எழுதுவதும் அப்படித்தான். எங்கே இடம் விடுகிறோம், எதை முதலில் சோதிக்கிறோம், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுகிறோம் என்பதில் எழுதியவரின் கை தெரிந்துவிடும். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுதினால், பழைய வரிகளை எழுதியதும் அதே கைதானா என்று அது சொல்லும்.

உட்கார்ந்து எழுதினேன். கையால் நிரல் எழுதி எத்தனையோ வருடங்கள். இப்போதெல்லாம் யார் எழுதுகிறார்கள்? ஆனாலும் விரல் தானாக ஓடியது. எழுந்தபோது இருபத்தாறு வயதாகிவிட்டது போல இருந்தது.

ஜவாஹிரா திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நூத்துக்கு நாலு சார்."

"நாலுதான் பொருந்தலையா?"

"நாலுதான் பொருந்துது."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. பெட்டியில் பழுது என்றேன், சட்டத்தில் பழுது என்றேன், அதிகாரியின் படிப்பைக்கூட ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன். அவர் பொறுமையாக இருந்தார்.

"உங்களை மட்டும் இல்ல சார். மாடியில ஒம்பது பேர்னு பழைய மின்மடல்கள்ல இருக்கு. உயிரோட இருக்கற அஞ்சு பேரையும் எழுத வெச்சுப் பாத்துட்டேன். தவறிப்போன நாலு பேரோட வேற எழுத்துகளைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பாத்தேன். யாருக்கும் பொருந்தல. இன்னொரு விஷயம். ஒம்பது பேரும் ஆளுக்கு ஒரு பகுதி எழுதினதாச் சொல்றீங்க. பெட்டி அப்படிச் சொல்லல. ஆயிரத்து நானூறு வரியும் ஒரே கைங்குது."

அச்செடுத்த தாள்களை என்னிடம் கொடுத்தார். வீட்டில் போய்ப் பாருங்கள், ஏதாவது நினைவுக்கு வந்தால் கூப்பிடுங்கள் என்றார்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பார்க்கப் பிடிக்காமல் அந்தத் தாள்களை மடியில் கவிழ்த்து வைத்திருந்தேன். மனசெல்லாம் மாடியில் இருந்தது.

மாடி என்பது ஒரு காலண்டர் அச்சகத்தின் மேல்தளம். இரண்டாயிரத்துப் பதினான்கில் எங்களுக்குக் கிடைத்த இடம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்பது பேரும் கூடுவோம். பாலிடெக்னிக் வாத்தியார் ஒருவர், பட்டாசுக் கடைக் கணக்கர் ஒருவர், கல்லூரி முடித்து வேலை கிடைக்காத நாலைந்து பேர். நான் செல்போன் கடையில் இருந்தேன். கட்டற்ற மென்பொருளைச் சிவகாசி முழுக்கப் பரப்பிவிடுவது என்று தீர்மானம். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பழைய கம்ப்யூட்டர்களில் போட்டுக் கொடுப்போம். நான்தான் பேச்சாளன். "இதை யார் வேணாலும் எடுக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், திருத்தலாம், அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாம்!" என்று கையை வீசிப் பேசுவேன். பிள்ளைகள் கைதட்டும். அந்தக் கைதட்டல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

எங்கள் போஸ்டர்களுக்குப் பின்பக்கம் எப்போதும் ஒரு சாமி படம் இருக்கும். அச்சில் நிறம் விலகிக் கழித்துப் போட்ட காலண்டர் தாள்களின் வெற்றுப் பக்கத்தில்தான் அச்சடிப்போம். அந்தத் தாள்களை ஒதுக்கி வைத்து, வேலை ஒழிந்த நேரத்தில் மெஷினில் ஓட்டி வாங்கித் தந்தது பொன்ராணி அக்கா. மாடிச் சாவி அவரிடம்தான் இருந்தது. நாற்காலி போட்டு, குறுந்தகடுகளை எழுதி அடுக்கி, யாருக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று சீட்டு எழுதி, பதினோரு மணிக்கு டீ சொல்லி, கூட்டம் முடிந்ததும் கூட்டிப் பெருக்கிப் பூட்டிக்கொண்டு போவார். அச்சகத்தில் அவர் வேலை பிழை திருத்துவது. தினசரி காலண்டரில் ராகுகாலம் ஒரு நாள் மாறிப்போனால் மூன்று லட்சம் வீட்டில் மாறிப்போகும் என்பார். எங்கள் ஒன்பது பேரில் அவரைச் சேர்க்கவில்லை. சேர்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அந்த வருடம் அச்சு மெஷின் ஒன்று அடிக்கடி தாளைக் கிழித்தது. காற்றால் உறிஞ்சித் தாளை ஒவ்வொன்றாகத் தூக்கும் மெஷின் அது. காற்று கூடினால் கிழியும், குறைந்தால் இரண்டு தாள் சேர்ந்து வரும். அந்தக் காற்றை அளந்து கொடுக்க ஒரு நிரல் எழுதலாம் என்று ஆரம்பித்தோம். ஒன்பது பகுதியாகப் பிரித்துக்கொண்டோம். நடுப்பகுதி, முன்னூற்று நாற்பது வரி, என்னுடையது. யார் பெயரும் போடக்கூடாது, 'மாடி' என்று மட்டும் போடவேண்டும் என்று ஏகமனதாக முடிவு செய்தோம். அந்த வயதில் அப்படியெல்லாம் முடிவு செய்ய முடிந்தது. நிரலை உலகத்துக்குப் பொதுவாக வெளியிட்டோம். எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர், ஒற்றைத் தாளைக் கிழியாமல் தூக்கும் காற்று பிஞ்சு நுரையீரலுக்கும் ஆகும் என்று கண்டுபிடித்து எடுத்துக்கொண்டார். பத்து வருடம் கழித்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. அன்று நான் தெருவுக்கே லட்டு வாங்கிக் கொடுத்தேன்.

திருத்தங்கல் தாண்டும்போது தாள்களைத் திருப்பினேன். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு தனி வரி, அதில் ஒரே ஒரு புள்ளி. அந்தக் காலத்தில் மேலோட்டமாகப் புரட்டியபோதே அது கண்ணில் பட்டிருந்தது. அனுப்பும்போது ஏதோ மென்பொருள் தானாகப் போடுகிறது என்று நினைத்திருந்தேன்.

அனுப்பியது யார்? ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் பென்டிரைவை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவோம். ஒழுங்கான இணைய இணைப்பு அச்சக ஆபீஸில் மட்டும்தான் இருந்தது. அடுத்த வாரம் "அனுப்பியாச்சாக்கா?" என்போம். "அனுப்பியாச்சு தம்பி" என்பார்.

பிழை திருத்தி முடித்த காலண்டர் தாளின் கீழ் வலது மூலையில் அக்கா சிவப்பு மையில் ஒரு புள்ளி வைப்பார். பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம். அது இல்லாமல் எந்தத் தாளும் மெஷினுக்குப் போகாது.

பேருந்தை நிறுத்தச் சொல்லி அங்கேயே இறங்கிவிட்டேன். அக்கா திருத்தங்கலில்தான் அண்ணன் மகன் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நாலைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருந்தும் இருபது வருடமாகப் போய்ப் பார்க்கவில்லை.

"வாங்க தம்பி. முடியெல்லாம் எங்க போச்சு?" என்றார் பொன்ராணி அக்கா. எழுபத்து நான்கு வயது. ஒல்லியாகிவிட்டார், கண்ணாடி தடித்துவிட்டது. மற்றபடி அப்படியேதான் இருந்தார்.

நான் தாள்களை முன்னால் வைத்தேன். அவர் கடைசித் தாளை எடுத்து, அடியிலிருந்து மேலே பார்க்க ஆரம்பித்தார்.

"என்னக்கா இது?" என்றேன். குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "முன்னூத்தி நாப்பது வரியில என்னோடது எத்தனை?"

"எல்லாம் நீங்க எழுதினதுதான். நான் திருத்தினேன். அவ்வளவுதான்."

"உள்ளதைச் சொல்லுங்கக்கா."

"மேல உங்க பேர் போட்ட வரி ஒண்ணு தப்பில்லாம இருந்துச்சு. பேர் போடக்கூடாதுன்னு முடிவு பண்ணிருந்தோம்ல, அதனால அதையும் எடுத்துட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. நாற்பத்து நான்கு வருடம் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த வாயை எங்கே கொண்டு வைப்பது?

"எங்க ஒம்பது பேருதையுமா?"

"ஆமா. வாத்தியார் எழுதினது மட்டும் கொஞ்சம் பரவால்ல. ஓட்டிப் பாத்தா தாள் கிழியும். எங்க கிழியுதுன்னு பாத்துப் பாத்துத் திருத்துவேன். அப்படித்தான் எனக்கு அந்த எழுத்தே படிஞ்சுச்சு. புதன்கிழமை ஆயிரும் முடிக்க."

"எங்ககிட்ட ஏன் சொல்லல? உங்களை யாரு திருத்தச் சொன்னா?"

"நீங்கதான். திருத்தலாம்னு நீங்கதானே தம்பி போஸ்டர்ல போட்டீங்க."

அக்காவே தொடர்ந்தார்.

"சொல்லிருந்தா என்ன ஆயிருக்கும்? மொகம் சுருங்கிரும். அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேர் வரமாட்டீங்க. அதுக்கடுத்த வாரம் நாலு பேர். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு யாரு போறது? நாலு பேர் முன்னாடி நின்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கிடும். நீங்க பேசினா பிள்ளைக கைதட்டுச்சு. எழுத்தைத் திருத்திக்கிடலாம் தம்பி, ஆள் வராம போச்சுன்னா என்ன செய்யறது?"

ஒவ்வொரு கூட்ட முடிவிலும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் நிறுத்தி "அடுத்த ஞாயித்துக்கிழமை வருவீங்கள்ல?" என்று கேட்பார். சும்மா மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன்.

மூச்சுப்பெட்டி விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் மகன் சேர்மராஜ் குறுக்கே வந்துவிட்டார். "அத்தை கையெழுத்தெல்லாம் போடமாட்டாக. நாளைக்கு எங்கயாவது ஒரு குழந்தைக்கு ஒண்ணுன்னா? எழுபத்தி நாலு வயசுல கோர்ட்டுக்கு அலையச் சொல்றீங்களா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை.

"டேய், கையெழுத்துப் போட்டாத்தான் புதுசா பொறுப்பு வருமா?" என்றார் அக்கா. "அதை எடுத்துக் குழந்தைகளுக்கு வெச்சிருக்காங்கன்னு என்னைக்குத் தெரிஞ்சுச்சோ, அன்னையிலேருந்து வருஷா வருஷம் தை மாசம் ஒக்காந்து ஒருவாட்டி படிக்கிறேன். காலண்டர் வேலை இல்லாத மாசம்ல. இதுவரைக்கும் தப்பு அகப்படல. வா, போயிட்டு வருவோம்."

இருபத்தொன்பதாம் தேதி மூன்று பேரும் விருதுநகர் போனோம். ஜவாஹிரா அக்காவின் கையைப் பிடித்துப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தார். அக்கா வெற்றுத் திரையைப் பார்த்தார். கால் மணி நேரம் ஆனது. அரை மணி ஆனது. ஒரு எழுத்து விழவில்லை.

"எனக்கு எழுத வராதும்மா" என்றார் கடைசியில், தப்புச் செய்த பிள்ளை போல. "நான் எந்தக் காலத்துல எழுதினேன்?"

சேர்மராஜ் "கிளம்புவோம் அத்தை" என்றார். ஜவாஹிரா எழுந்து நின்றார். அதுவரை அதிகாரியாக இருந்தவர் குரல் மாறிவிட்டது. "வத்திராயிருப்புல இப்ப ஒரு குழந்தை உள்ள இருக்குதும்மா. ஒண்ணே கால் கிலோ. நாளைக் கழிச்சு நான்தான் போய் நிறுத்தணும். என் பொண்ணும் அதே பெட்டியில பதினேழு நாள் இருந்தவ" என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொன்னேன்.

"அம்மா, வெத்துத் திரையிலதான் ஆரம்பிக்கணும்னு சட்டத்துல இருக்கா?"

ஜவாஹிரா யோசித்தார். "பெட்டிக்கு முன்னாடி எழுதணும்னுதான் இருக்கு."

"அப்ப முதல்ல நான் எழுதறேன்."

அக்காவை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். அதே காற்றழுத்தம், நாற்பது வரி. அக்காவுக்கு வேலை வேண்டுமே என்று வேண்டுமென்றே நாலைந்து தப்பு வைக்கலாமா என்று முதலில் நினைத்தேன். பிறகு, நாற்பத்து நான்கு வருட அனுபவம், எழுதினால் ஒழுங்காகவே எழுதுவோம் என்று முழு மூச்சாக உட்கார்ந்து எழுதினேன். தப்பு வைக்கத் தேவையே இருக்கவில்லை.

அக்கா பையிலிருந்து ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்தார். அதைத் திரையின் கடைசி வரிக்கு அடியில் வைத்தார். கீழிருந்து மேலே ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டு போனார். நாலாவது வரியில் "த்ச்" என்றார். ஏழாவது வரியில் "தம்பி, தம்பி" என்று தலையை ஆட்டினார். பிறகு விரல்கள் ஓட ஆரம்பித்தன. அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை. பார்த்திருக்கவும் முடியாது, எல்லாம் புதன்கிழமைகளில் நடந்ததல்லவா? நாற்பது வரியில் முப்பத்தொன்று போனது. மிச்சம் ஒன்பதும் இடம் மாறின. முடிவில் ஒரு தனி வரியில் ஒரு புள்ளி வைத்தார்.

"மாறவே இல்ல நீங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஜவாஹிரா பார்த்துவிட்டுத் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

பதிவேட்டில் 'எழுதியவர்' என்ற கட்டத்துக்கு எதிரே அக்கா தன் பெயரை எழுதினார். ஆயிரத்து நானூறு வரிகளுக்கும் ஒரே கையெழுத்து. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மனசில் ஒரு ஓரம் எரியத்தான் செய்தது, இல்லை என்றால் பொய். இனி கல்யாண வீட்டில் என்ன பேசுவேன்?

"இதோட முடியலம்மா" என்றார் ஜவாஹிரா. "கையெழுத்துப் போட்டவங்கதான் இனி அதைப் பராமரிக்கணும். புது மாடல் பெட்டி வருது. அதுக்குத் தகுந்த மாதிரி இன்னும் ஆயிரம் வரியாவது எழுத வேண்டியிருக்கும்."

அக்கா ஸ்கேலைப் பைக்குள் வைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வருவீங்கள்ல தம்பி?"

எதற்குக் கூப்பிடுகிறார் என்று இந்த முறை எனக்கு நன்றாகத் தெரியும்.

"பத்து மணிக்கே வந்துர்றேன்க்கா" என்றேன்.